வலைக்கு அந்தப் பக்கம்

டென்னிஸில் பக்கம் மாறுவதற்காக எல்லாரும் வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகத்தான் செய்வார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அடித்த பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்ப்பதற்காக, ஆட்டத்தின் நடுவில், எதிராளியின் மண்ணில் போய்க் கால் வைப்பது வேறு சங்கதி. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாஃப் காலனி கோர்ட்டில் அதை ஒருவரும் செய்ததில்லை. தாண்டவராயன் செய்தார். அதுவும் போயும் போயும் ஜகந்நாதனிடம்.

அது மண் கோர்ட். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். சுண்ணாம்புக் கோட்டில் பட்டால் கோடே கொஞ்சம் கலைந்துவிடும். போய்ப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்தான். இருந்தாலும் போகமாட்டார்கள். அம்பயர் என்று யாரும் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர் சொல்வதுதான் தீர்ப்பு, அவருக்கே சந்தேகமாக இருந்தால் எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் யாரும் போர்டில் எழுதி மாட்டவில்லை. எழுதி மாட்டியிருந்தால் ஒருவேளை யாராவது மீறியிருப்பார்கள்.

தாண்டவராயன் ஒரகடம் பக்கத்துக் கிராமத்துக்காரர். பயிர் வைத்த குடும்பம். நிலம் கம்பெனிகளுக்குப் போவதற்கு முன்பே அவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள் சாயங்காலம் கோர்ட் விளக்கைச் சரிசெய்ய ஏணியோடு வந்தவரை, ஆள் குறைகிறது என்று அக்கவுண்ட்ஸில் இருந்த ஜகந்நாதன் கூப்பிட்டுக் கையில் ஒரு மரமட்டையைக் கொடுத்தார். கோயில் தெருக்காரர், நெற்றியில் திருமண், பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆடுவார். பந்தை வலைக்கு மேலே அனுப்பினால் போதும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கே, மேனேஜர் அடித்த பந்து ஒன்று தாண்டவராயன் காலடியில், கோட்டுக்கு விரற்கடை வெளியே விழுந்தது. பயந்துகொண்டே, "அவுட் சார்" என்றார்.

"நல்லாப் பாத்தியாப்பா?" என்றார் மேனேஜர்.

மேனேஜருக்கு ஜோடியாக நின்ற ஜகந்நாதன்தான் பதில் சொன்னார். "அவர் பக்கத்துல விழுந்தது. அவர் சொல்லியாச்சு. அடுத்த பாயிண்ட் ஆடலாம், வாங்கோ சார்."

அந்தத் தொழிற்சாலையில் ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது என்று தாண்டவராயன் சொன்னால்கூட சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார். இங்கே சுண்ணாம்புக் கோட்டுக்குள் அவர் சொன்னால் சொன்னதுதான். அதை அவரால் நம்பவே முடியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி சரோஜாவிடம், "நான் ஒரு வார்த்த சொன்னா மேனேஜரே மூடிகினு கேக்கறாரு, தெரியுமா?" என்று பெருமையடித்தார். "வூட்லதான் யாரும் கேக்கறதில்ல, அங்கியாவது கேக்கட்டும்" என்றாள் சரோஜா.

பிறகு கம்பெனி இரண்டு தடவை கை மாறியது. மேனேஜர்கள் போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் ரிட்டயர் ஆனார்கள். காலனியில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் கம்பெனி பஸ்கள் மெயின் ரோட்டில் வரிசைகட்டி நிற்கிற நேரத்துக்கு, இவர்கள் கோர்ட்டில் தண்ணீர் தெளித்து உருளை இழுத்து ஆட ஆரம்பித்திருப்பார்கள். இருவருக்கும் மரமட்டைதான். ஊரெல்லாம் அலுமினியம் என்றும் கார்பன் என்றும் மாறியபோது இவர்கள் மாறவில்லை. பிடிவாதம் என்று சொல்லலாம், சோம்பல் என்றும் சொல்லலாம். மரமட்டைக்குத் தலை சிறியது, கனம் அதிகம். அதில் பந்து வலையை உரசுகிறாற்போல நேராகப் போகும், நேராக விழும். யார் எப்படி அடித்தாலும் எங்கே விழும் என்று மற்றவருக்குத் தெரியும். தெரிந்தும் சில சமயம் எடுக்க முடியாது, அதுதான் சுகம்.

தாண்டவராயனுக்குத் தோள்பட்டை போயிற்று. சட்டை மாட்டக்கூடக் கை தூக்க முடியவில்லை. டாக்டர் ஆட்டத்தை விட்டுவிடச் சொன்னார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் மகன் ராஜசேகர் ஒரு புது மட்டை வாங்கி வந்தான். கார்பன். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. தலை முறம் மாதிரி அகலம், நரம்பெல்லாம் பாலியெஸ்டர். "இத்த வெச்சிகினு ஆடுனா தோள் நோவாது நைனா. இழுத்து அடிக்க வேணாம், கீழருந்து மேல தேச்சி வுடு, அது பாத்துக்கும்" என்றான்.

தாண்டவராயன் அதைத் தொடத் தயங்கியபோது எடுத்துக்கொள்ளச் சொன்னதே ஜகந்நாதன்தான். "தோள் போனா நீங்க வர மாட்டேள். நீங்க வரலைன்னா நான் செவுத்தோடயா ஆடறது? எடுத்துக்கோங்கோ."

மகன் சொன்னது சரிதான். தேய்த்துவிட்டால் போதும், பந்து சுற்றிக்கொண்டே வலைக்கு மேலே ஓராள் உயரத்தில் பறக்கும். போச்சு, கோட்டைத் தாண்டிவிட்டது என்று நினைக்கும்போது, தலையில் யாரோ குட்டினாற்போல மடங்கிக் கோட்டுக்குள் விழும். முதலில் தாண்டவராயனுக்கே சிரிப்பு வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பந்தா என்று கூச்சமாகக்கூட இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று.

ஜகந்நாதன் "அவுட்" என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் தாண்டவராயன் அதைக் கவனிக்கவே இல்லை. மட்டை புதிது, கை இன்னும் பழகவில்லை, வெளியேதான் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். சில வாரம் கழித்து, இங்கிருந்து பார்க்கும்போதே உள்ளே விழுந்தது போலத் தெரிந்த பந்துகளுக்கும் "அவுட்" வந்தது. விழுங்கிக்கொண்டார். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்கியது வயிற்றில் கிடந்து உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் ஷிப்ட் பையன்கள் இரண்டு பேர், டில்லிபாபுவும் நிலவனும், இவர்கள் ஆடி முடித்ததும் ஆடலாம் என்று வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்காருவார்கள். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். தாண்டவராயன் வெகு நாளைக்குப் பிறகு ஒரு செட்டை ஜெயிக்கிற நிலையில் இருந்தார். ஒரே ஒரு பாயிண்ட். தேய்த்துவிட்டார். பந்து மேலே போய் மடங்கிக் கடைக்கோட்டில் விழுந்தது.

"அவுட்" என்றார் ஜகந்நாதன்.

"இன்னா சார் இது! லைன் மேல வுழுந்துச்சி, சுண்ணாம்பே பறக்குது" என்றான் டில்லிபாபு. அதோடு விட்டிருக்கலாம். நிலவன் பக்கம் திரும்பி, "பெருசு நல்லா ரீல் வுடுது, பாத்தியா" என்று சிரித்தான்.

தாண்டவராயன் மட்டையைக் கீழே போட்டார். விறுவிறுவென்று வலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். பையன்கள் வாயை அடைக்கத்தான் போனேன் என்று பிறகு சரோஜாவிடம் சொன்னார். அது பாதி உண்மை. அந்தப் பாயிண்ட் அவருக்கு வேண்டியிருந்தது என்பது மீதி.

தடம் கோட்டின் மேல் பளிச்சென்று இருந்தது. குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

"பாருங்க சார்" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

ஜகந்நாதன் மெதுவாக நடந்து வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பெஞ்சில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஆமாம். உள்ளதான் விழுந்திருக்கு" என்றார். "மன்னிச்சுக்கோங்கோ தாண்டவராயன். செட் உங்களோடது."

கையை நீட்டினார். தாண்டவராயன் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை ஈரமாக இருந்தது. அப்போதே தாண்டவராயனுக்குத் தெரிந்துவிட்டது, தான் ஒரு பெரிய தப்பைச் செய்துவிட்டோம் என்று. சொன்னது பொய்யாக இருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அந்த மனிதர் முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. தன் பந்துக்குத் தானே அவுட் சொல்லிக்கொண்டு எத்தனையோ ஆட்டத்தைத் தோற்றவர் அவர்.

அடுத்த இரண்டு நாள் ஜகந்நாதன் கோர்ட்டுக்கு வரவில்லை. தாண்டவராயன் கோயில் தெருவுக்குப் போனார். ஜகந்நாதன் மனைவி அம்ருதவல்லி மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கண்ணை டெஸ்ட் பண்ணிண்டு வந்தார். கண்ணுல ஒண்ணுமே இல்லைன்னுட்டார் டாக்டர். அதுலேர்ந்துதான் இப்படி உக்காந்திருக்கார்" என்றாள்.

"பையனுங்க இன்னாவோ உளறிட்டானுங்க, அத்தப் போயி மனசுல வெச்சிகினு..." என்று தாண்டவராயன் ஆரம்பித்தார்.

ஜகந்நாதன் கையை உயர்த்தித் தடுத்தார். "அவா மேல ஒண்ணும் இல்லை. நான் யோசிச்சுப் பாத்தேன். பந்து நெட்டைத் தாண்டற உயரத்தைப் பாத்ததுமே என் வாய் அவுட்னு சொல்லிடறது. மரமட்டையில அந்த உயரத்துல போனது எதுவும் உள்ள விழுந்ததில்லையோல்லியோ. விழற எடத்தை நான் பாக்கறதே இல்லை போலிருக்கு."

"அப்போ இன்மே பாத்து சொல்லுங்க சார், தீந்துச்சி. புது பந்து, பழகிடும்."

"அது சரி. ஆனா இத்தனை வருஷமா சொன்னேனே தாண்டவராயன், அதெல்லாம் பாத்துச் சொன்னதா, நெனச்சுச் சொன்னதா? நேக்கே தெரியலையே."

தாண்டவராயன் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஜகந்நாதன் வந்துவிட்டார். வழக்கம்போலத் தண்ணீர் தெளித்தார், உருளை இழுத்தார். தாண்டவராயனுக்கு மூச்சு வந்தது. முதல் பந்தை அடித்தார். வெளியே. அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

"இன்" என்றார் ஜகந்நாதன்.

அன்றிலிருந்து எல்லாமே இன்தான். விரற்கடை வெளியே போனாலும் இன், சாண் வெளியே போனாலும் இன். சந்தேகம் வந்தால் எதிராளிக்கு என்பதுதானே வழக்கம். அவருக்கு இப்போது எல்லாவற்றிலும் சந்தேகம். தாண்டவராயன் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு ஜெயிப்பு எதிரிக்குக்கூட வரக்கூடாது. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு "அவுட்" வந்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

பரண்மேலிருந்து மரமட்டையை எடுத்துக்கொண்டு போனார். ஜகந்நாதன் அதைப் பார்த்தார். பந்து பழையபடி நேராகப் போயிற்று. நேராகப் போய் வெளியே விழுந்ததற்கும் "இன்" என்றார். இரண்டாம் நாள் தாண்டவராயனுக்குச் சோற்றுக் கையைத் தூக்க முடியவில்லை. "யாருக்குய்யா இந்த வேஷம்? கையி போனா நானா ஊட்டுவேன்?" என்று கத்திய சரோஜா, அவர் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தைலத்தை எடுத்துவந்து தேய்த்தாள்.

வலி குறைந்ததும், கார்பன் மட்டையோடு, மனதுக்குள் ஒரு திட்டத்தோடு போனார்.

நல்ல வெயில் ஏறியிருந்த காலை. தாண்டவராயன்தான் சர்வீஸ். ஜகந்நாதன் திருப்பி அனுப்பியதை வேண்டுமென்றே ஒரு முழம் வெளியே தள்ளினார். "இன்." அடுத்ததை இன்னும் தள்ளி, கோட்டுக்கும் வேலிக்கும் நடுவில் போட்டார். "இன்" என்ற குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது பந்துக்குத் தாண்டவராயன் தோளைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருந்த பலமெல்லாம் கூட்டி அறைந்தார். பந்து ஜகந்நாதன் தலைக்கு மேலே போய், தரையிலேயே படாமல், பின்னாலிருந்த கம்பி வேலியில் போய் மோதிச் சிக்கிக்கொண்டது.

ஜகந்நாதன் திரும்பி வேலியைப் பார்த்தார். வேலியில் தொங்கும் பந்தையும் பார்த்தார்.

"இன்" என்றார்.

"சார்!" தாண்டவராயன் கத்திவிட்டார். "தரையிலயே வுழுலியே சார்! கம்பில மாட்டிகினு கீது சார், நீங்களே பாக்கறீங்களே! ஒரு தபா அவுட்னு சொல்லுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"என் வாயால சொல்ல வேண்டாம் தாண்டவராயன். நீங்க இந்தப் பக்கம் வந்து பாத்துட்டு, நீங்களே சொல்லிடுங்கோ" என்றார் ஜகந்நாதன். சொல்லிவிட்டு, அவர் பார்க்க வழிவிடுவதுபோலக் கோட்டை விட்டு ஒதுங்கி நின்றுகொண்டார்.

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாண்டவராயன் சந்தோஷப்பட்டிருப்பார். அந்த மனிதர் மனதார வழிவிட்டு நின்றார்.

தாண்டவராயன் வலைவரைக்கும் வந்தார். ஒரு கை வலையைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் போய் அவுட் என்று சொன்னால், இனி ஒவ்வொரு பந்துக்கும் தான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. அவரவர் பக்கத்துப் பந்துக்கு அவரவர் சொல்வதுதான் தீர்ப்பு என்று ஒன்று இருந்ததே, அது ஜகந்நாதனுக்கு இல்லாமலே போய்விடும். சரியாகச் சொன்னால் மட்டும் ஏற்றுக்கொள்வதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை. இதை அந்த ஞாயிற்றுக்கிழமை யோசித்திருக்க வேண்டும்.

"வாங்கோ" என்றார் ஜகந்நாதன், மறுபடியும்.

"வேணாம் சார். நீங்க சொல்லியாச்சி" என்றார் தாண்டவராயன். "இன்தான் சார். என் பாயிண்ட்."

ஜகந்நாதன் தலையசைத்துவிட்டு வேலிக்குப் போனார். கம்பியில் சிக்கியிருந்த பந்தை எடுத்து, மண்ணைத் தட்டி, வலைக்கு மேலே கொடுத்தார். தாண்டவராயன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்தபடி திரும்பி நடந்து, அடுத்த சர்வீஸைப் போட்டார்.