கோரையரசியின் வாயை மாற்றியவர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதையாவது சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 'நீரடி நாடு' தொடரின் எட்டு எபிசோடுகளையும் பார்த்து முடித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, ரிமோட் தப்பித்தது அது புதியது என்பதால் மட்டுமே.

தொடருக்கு மூலம் ஐந்து நாவல்கள். எழுதியவர் காட்டுமன்னார்கோயில்காரர். வீராணம் ஏரிக்கு அடியில் ஒரு நாடு இருப்பதாகக் கற்பனை. அதன் அரசி பெயர் கோரை. மீனை ஏவி வேவு பார்ப்பாள், தண்ணீரை எழுப்பி நிற்க வைப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் நம் ஊர்ப் பேச்சு. அரசி, மந்திரி, திருடன், எல்லோருக்கும் அதே பேச்சு. மேலே வயல் காயும்போது மந்திரியிடம் சொல்வாள்: "மதகத் தொறந்து வுடு. மேல சனங்க காஞ்சி கெடக்குது. ராஜ்ஜியத்த அப்பறம் பாத்துக்கலாம்."

தொலைக்காட்சியில் அதே அரசி: "திறந்திடுக மதகை. தாகத்தால் தவிக்கிறது தரணி."

தரணியாம். [இந்த இடத்தில் ஒரு வசவு இருந்தது. எடுத்துவிட்டேன்.] நம் பேச்சை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? இரண்டு திருடர்களுக்கு. அவர்கள் பேசினாலே பின்னணியில் ஒரு கோமாளி இசை.

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

"வீராணத்தின் மேல் மாலை வெயில் பொன்னாக..." வேண்டாம். தொடரின் முதல் காட்சியே அதுதான்.

"சகாயநாதன் போனில் அழைத்தபோது நான்..." இது பரவாயில்லை.

சகாயநாதன் சிதம்பரத்தில் வாசகர் வட்டம் நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தொடரைப் பற்றிக் கூட்டம். எல்லோரும் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து தீர்ப்புச் சொல்வது அவர்கள் வழக்கம். "இந்த வாட்டி நீங்கதான் சார் தீர்ப்பு. டிவிக்காரங்களும் வராங்க. தயவு தாட்சண்யமே பாக்காதீங்க," என்றார்.

நான் ஏன் பார்க்கப் போகிறேன்? எங்கள் பேச்சைக் கேலிக்கூத்தாக்கும் அந்த இரண்டு திருடர்களையும் முதலில் தூக்குங்கள் என்று நாலு பக்கம் எழுதிவைத்தேன்.

3

இங்கே வினோதினி வந்தாக வேண்டும். என் தங்கை. அவளைக் கதைக்குள் விடத் தயக்கம்தான்.*

அந்தத் தொடரின் வசனக் குழுவில் அவளும் இருக்கிறாள். முதல் வேலை. சென்னையிலிருந்து வந்தவள், சமையலறையில் நின்றபடியே என் நாலு பக்கத்தையும் படித்தாள்.

"அந்தத் திருடனுங்கள எடுக்கச் சொல்லப்போறியா?"

"வேறென்ன செய்வது? நம்மைக் கோமாளியாக்கி வைத்திருக்கிறீர்களே."

"அரசிக்கும் நம்ம பேச்சுதாண்ணா எழுதிக் குடுத்தேன். மொத்தத்தையும் மாத்திட்டாங்க. ராணின்னா கம்பீரமா இருக்கணுமாம். கெஞ்சிக் கூத்தாடி அந்த ரெண்டு பேர மட்டும் காப்பாத்துனேன். மியூசிக்க நானா போட்டேன்?"

அவள் கையிலிருந்த பக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அடுத்த சீசன்ல அதுல ஒருத்தன் மந்திரியாவுறான். இதே பேச்சோட. நான்தான் எழுதறேன். நீ மேடையில ஏறி எடுங்கன்னு சொன்னா, ஊர்க்காரங்களே வேணாங்கறாங்கன்னு எடுத்துருவாங்க. என்னையும் சேத்து."

* அவள் கெட்டிக்காரி. கெட்டிக்காரர்கள் உள்ளே வந்தால் கதை சொல்பவன் பாடு திண்டாட்டம்.

4

முடிவு ஒன்று: நாலு பக்கத்தையும் வாசிக்கிறேன். கைதட்டல். வினோதினிக்கு வேலை போகிறது.

முடிவு இரண்டு: தங்கைக்காகத் தொடரைப் புகழ்கிறேன். அப்படியானால் 'தரணி'யையும் புகழ வேண்டிவரும். செத்தாலும் மாட்டேன்.

முடிவு மூன்று: நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று...

சே. இதுவரை எழுதியதை அவளிடமே காட்டினேன். படித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

"நீயும் அதத்தான பண்ணிருக்க. நானும் சகாயநாதன் சாரும் பேசுனா 'வராங்க', 'மாத்திட்டாங்க'ன்னு எழுதற. நீ மட்டும் 'வைத்திருக்கிறீர்களே'. ஊட்ல நீ இப்புடியா பேசற? ஒன் கதையில நீ அரசி, நாங்க திருடனுங்களா?"

சுருக்கென்றது. எழுத்தில் அதுதான் மரபு என்றேன். [அவர்களும் அவளிடம் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.] கோபம் இப்போது யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் குறையவில்லை.

"தீர்ப்பு என்ன வேணா சொல்லு. தொடரக் கிழி. ஆனா ஊட்ல பேசற மாதிரி பேசிக் கிழி," என்றாள்.

5

சிதம்பரம். கூடம் நிறைந்திருந்தது. பேராசிரியர்கள், ஆசிரியர்கள், டிவிக்காரர்கள். வினோதினி கடைசி வரிசையில். நாலு பக்கத்தையும் நான் எடுத்து வரவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கங்க. திருடனுக்குக் குடுத்த எங்க பேச்ச அரசிக்கு ஏன் குடுக்கல? இந்தப் பேச்சு ராஜ்ஜியம் ஆளக் கூடாதா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டிவிக்காரர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

இதற்குமேல் எழுத மாட்டேன். கூட்டம் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொண்டதா, அடங்கிக் கேட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். மேலே என் தங்கை பேசிய இடங்களைப் படித்தபோது உங்களுக்குச் சிரிப்பு வந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. சிரிச்சிருந்தா, முன்னாடி ஒக்காந்திருந்தது நீங்கதான். அவ வேல போச்சுன்னா அது ஒங்களாலதான்.