வால்வுக்குப் பக்கத்து ஓட்டை

என் வீட்டுக்காரர் என் சைக்கிளைக் குழியில் விட்டு, பின்சக்கரத்தை வளைத்துக்கொண்டு வந்து நின்ற அன்றே சொல்லிவிட்டேன்: "இனிமே சைக்கிள் விஷயத்துல வாயைத் திறந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பின்னே? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை. அந்நேரத்துக்கு பஸ் ஏது? மூன்று நாள் நடந்தேன், மூன்று நாளும் தாமதம். "திங்கக்கிழமையும் லேட்டுன்னா வராதீங்கம்மா" என்று மேற்பார்வையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

புதுச் சக்கரம் வர ஒரு வாரமாகும் என்றார் சைக்கிள் கடைக்காரர். ரிம்மும் கம்பிகளும் கடையில் இருந்தன. "குடுங்க, நானே கோத்துக்கறேன்" என்று வீறாப்பாக வாங்கி வந்தேன். எனக்கு வாய்க்கொழுப்பு.

ஞாயிறு காலை சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். முப்பத்தாறு கம்பிகள். முன்சக்கரத்தைப் பார்த்துப் பார்த்துக் கோத்தேன். பிறகு கோட்டம் எடுக்கிற வேலை. ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் இழுத்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். முறைத்தேன். எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

மூன்று மணிக்குச் சக்கரம் ஆடாமல் சுற்றியது. டியூபையும் டயரையும் மாட்டிப் பம்பை எடுத்தேன். வால்வை நெருக்கிக்கொண்டு இரண்டு கம்பிகள் குறுக்கே நின்றன. பம்பின் தலை உள்ளே நுழையவே இல்லை.

"அது..." என்று இழுத்தார் அவர்.

"என்ன அது?"

"முதல் கம்பி வால்வுக்குப் பக்கத்து ஓட்டையிலயே வரணும், அப்பத்தான் மத்த கம்பிங்க வால்வை விட்டு விலகி நிக்கும். முன்சக்கரத்துல அப்படித்தானே இருக்கு? நீ தள்ளிப் போட்டுட்டே."

"எப்பப் பார்த்தீங்க?"

"நீ போடும்போதே."

"அடப்பாவி மனுஷா! காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

"நீதானே வாயைத் திறக்கக் கூடாதுன்னே."

எனக்கு அழுகை வந்தது. அலுப்பில் கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. கம்பிகளை முறுக்கும் சாவியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இப்பத் திறங்க. எதுல ஆரம்பிக்கணும்?"

அவர் என் எதிரே உட்கார்ந்தார். சாவியை எடுத்தார். சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"அந்தக் குழி சத்தியமா என் கண்ணுக்குத் தெரியலைம்மா. மன்னிச்சுக்கோ."

இத்தனை நாளும் இவர் தொண்டையில் நின்றது இதுதானா? அவர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நான் கையால் கழற்றிக் கழற்றி டப்பாவில் போட்டேன்.