குடை வைத்த ஜாடி

காமாக்ஷிக்குப் பழி வாங்க வேண்டும். அதில் அவளுக்கு வெட்கமே இல்லை. கபாலீசுவரர் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோதும் அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் சந்திரமௌலி அவளுக்கு வழிகாட்டியாக இருந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஜைதூன் பீ என்ற அம்மாள் பீங்கான் பட்டறை வைத்திருந்தாள். அங்கே செய்த மஞ்சள் ஊறுகாய் ஜாடிகள் சோதனைக்கு அவரிடம் வந்தன. விதிப்படி வினிகர் கரைசலை ஊற்றி, ஏசி அறையில், இருட்டில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். கெடுதலாக எதுவும் இறங்கவில்லை. பேராசிரியர் நற்சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

காமாக்ஷி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எந்த வீட்டில் எலுமிச்சங்காயை இருட்டில் வைத்து ஊறுகாய் போடுகிறார்கள்? ஜாடியின் வாயில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி மொட்டை மாடி வெயிலில் அல்லவா வைக்கிறார்கள்! அவளும் அப்படியே வைத்துப் பார்த்தாள். மஞ்சள் நிறத்துக்காகப் பூச்சில் கலந்த காட்மியம், வெளிச்சம் பட்டதும் பிடி தளர்ந்து புளிப்பில் இறங்கியிருந்தது. சிறுநீரகத்தையே பாழாக்குகிற உலோகம் அது. உடனே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

கொடுத்த சான்றிதழைத் திரும்பக் கேட்டால் பெரிய மனிதரின் மானம் என்ன ஆவது? கண்ணாடிக் குழாயை ஒழுங்காகக் கழுவாமல் மாதிரிகளைக் கெடுத்தாள் என்று எழுதி, இயக்குநர் ராஜகோபாலனிடம் ஒப்புதல் வாங்கி, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் சந்திரமௌலி. முனைவர் பட்டம் போயிற்று. தி. நகர் டுட்டோரியல் ஒன்றில் பிளஸ் டூ பையன்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தாள். எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கேட்டாலும் 'குழாய் கழுவத் தெரியாதவள்' என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆடி மாதம் அவருடைய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லை. நடையில் அதே மஞ்சள் ஜாடி இருந்தது, அதில் குடைகளைச் செருகி வைத்திருந்தார்கள். ஏன் மாமி என்று கேட்டாள். பேராசிரியரின் மனைவி கள்ளம் கபடம் தெரியாதவள்.

"அதுல ஊறுகாய் போடப்படாதுன்னுட்டார்டீ. வெயில் பட்டா விஷம் எறங்குமாம்."

காமாக்ஷிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியானால் அவள் சொன்னதை அந்த மனுஷன் நம்பியிருக்கிறார். தன் வீட்டு வயிற்றுக்கு மட்டும் நம்பியிருக்கிறார். அன்றே ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆனால் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இந்தக் கஞ்சி ஆறினால்தான் நன்றாகப் புளிக்கும் என்று அவள் காத்திருந்தாள். நடுவில் ஜைதூன் பீயோடு வலியப் போய்ப் பழகிக்கொண்டாள்.

நவராத்திரி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜைதூன் பீயையும் அழைத்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுக் கொலுவுக்குப் போனாள். கூடம் நிறைந்திருந்தது. ராஜகோபாலன் தம்பதி சமேதராய் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார், பக்கத்திலேயே சந்திரமௌலி. காமாக்ஷியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. கொலுவுக்கு வந்தவளைப் போ என்று சொல்ல முடியுமா?

மாமி சுண்டலைக் கையில் கொடுத்து, வழக்கம்போல் ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள். கூடமே அடங்கி அவளைப் பார்த்தது.

"பாட்டு வராது மாமி. ஒரு சந்தேகம்தான் கேக்கணும். நடையில இருக்கற ஜாடில ஏன் நீங்க ஊறுகாய் போடறதில்லே?"

மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் அகத்துக்காரர் எவ்வளவு ஜாக்கிரதை என்று, வெயிலையும் விஷத்தையும் சேர்த்து, எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

ராஜகோபாலன் சுண்டலைக் கீழே வைத்தார். அந்த ஜாடிக்குச் சான்றிதழ் கொடுத்தது நீர்தானே என்று சந்திரமௌலியைக் கேட்டார். சந்திரமௌலி இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார், பாதியில் நின்றுபோனார். ராஜகோபாலன் காமாக்ஷி பக்கம் திரும்பி, திங்கட்கிழமை காலையில் வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாள் அவள் தின்ற அவமானத்தை அந்த மனுஷன் கூட்டத்தின் நடுவில் மென்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் மெல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜைதூன் பீ எழுந்தாள். அவள் பேராசிரியரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஒனக்கு எப்போ தெரியும்மா?"

பதிலுக்குக் காத்திராமல் ஜைதூன் பீயே மேலே சொன்னாள்.

"எம் பொண்ணு குல்ஷன் முழுகாம கீறா. அந்த ஜாடி ஊறுகாயத்தான் தெனம் துன்னுகினு கீறா. போன வாரம் நீ வந்தப்போ ஒனக்கும் போட்டா. வோணாம்னு ஓரமா ஒதுக்கி வெச்சியே."

மாமி நீட்டிய தாம்பூலத்தை வாங்காமலே ஜைதூன் பீ ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். காமாக்ஷி பின்னாலேயே போய் இரண்டு முறை கூப்பிட்டாள். அவள் நிற்கவில்லை. காமாக்ஷி திரும்பியபோது வாசற்படியில் சந்திரமௌலி நின்றிருந்தார். இந்த முறை அவர் முகம் சுருங்கவில்லை, தன்னைப் போன்ற ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"உள்ளே வாம்மா" என்றார்.