பட்டை செதுக்கிய மரங்கள்

செல்லத்துரைக்குத் தடம் தப்பாது என்று குமுளியில் பேர். முன்னால் போகிறவனின் முதுகே தெரியாத மூடுபனியிலும், பறவை பார்க்க வந்தவர்களை நேரே மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவான். அதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவன் அவன். வேலை போன பிறகும் கவாத்துக் கத்தி மட்டும் இடுப்பை விட்டுப் போகவில்லை. போகிற வழியில் முப்பது அடிக்கு ஒரு மரமாக, நெஞ்சு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி வைப்பான். தோல் உரிந்த மரம் பனியிலும் பளிச்சென்று தெரியும்.

இது தோட்டத்தில் படித்த பாடம். நிழல்மரங்களைக் கழிக்கிற காலத்தில், வெட்டக் கூடாத மரத்துக்குக் கங்காணி இப்படித்தான் பட்டை செதுக்கிக் குறி வைப்பார். குறி இருந்தால் கை வைக்காதே என்று பொருள். அதனால்தான் வெள்ளியாற்றுக் காட்டில் இருவாச்சிக் கூடு இருந்த பெரிய வெள்ளைப்பயின் மரத்தைக் கண்டுபிடித்த அன்று, அதற்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாகக் குறி வைத்தான். வைத்துவிட்டு நிம்மதியாக இறங்கி வந்தான்.

அது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எழுபத்துநாலாம் வருடம், மாசி மாதம். நல்லேப்பிள்ளியிலிருந்து காளிச்சாமியும் அவர் மனைவி மயிலாத்தாளும் வந்திருந்தார்கள். காளிச்சாமிக்கு நெல் விவசாயம். அறுப்பு முடிந்து வயல் காய்ந்தால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். மூன்று வருடமாக வருகிறார். இருவாச்சி பறந்து பார்த்திருக்கிறாரே தவிர, கூட்டைப் பார்த்ததில்லை. “கூடு கிடைச்சா ஒரு கார்டு போடுங்க தம்பி, மாடு கன்னை உட்டுப்போட்டு வந்தர்றேன்” என்று போன வருடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செல்லத்துரை கார்டு போட்டான். அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு வனச்சாவடியில் பாஸ் காட்டிவிட்டு மூவரும் நடக்கத் தொடங்கினார்கள். அட்டைக்கடிக்குக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தது. ஓடையோரத்தில் சீகாரப் பூங்குருவி ஒன்று மனிதன் சீட்டியடிப்பதுபோலப் பாடியது. துடுப்புவால் கரிச்சான் தலைக்கு மேல் குறுக்கே போனபோது மயிலாத்தாள், “ரெண்டு வண்டு அது பொறத்தாலயே தொரத்திட்டுப் போகுது பாருங்க” என்றாள். அது வாலின் நுனி என்று தெரிந்ததும் தானே சிரித்துக்கொண்டாள்.

“ஏனுங் தம்பி, இந்த இருவாச்சி நெசமாலுமே பொட்டையப் பொந்துக்குள்ள வெச்சுப் பூசிருமுங்களா?”

“அதுவே பூசிக்கிரும்மா. அலகு நுழையுற அளவுக்கு ஒரு கீறல்தான் விட்டு வைக்கும். ஆண் வந்து வந்து பழம் குடுக்கும். உள்ள போனதும் பொட்டை றெக்கையெல்லாம் உதுத்துரும். கொஞ்ச நாளைக்குப் பறக்க முடியாது.”

“அப்ப ஆம்பள வராட்டி?”

“தாயும் குஞ்சும் பட்டினிதான்.”

மயிலாத்தாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டுக்குங்க. கோயமுத்தூர் போனா மூணு நாளைக்கு ஆளையே காணம் நீங்க.”

“நானென்ன உன்னைய உள்ள வெச்சுப் பூசிப்போட்டா போனேன்? சாவி உன்ற இடுப்புலதான இருந்துச்சு?”

செல்லத்துரை சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதோடு சரி.

ஏழே முக்கால் மணிக்கு முதல் குறிமரம் வந்தது. அதிலிருந்து கூட்டுமரத்தையும் சேர்த்துப் பதினொரு குறிமரம். இரண்டாவதைத் தேடினான், காணவில்லை. மூன்றாவதும் இல்லை. தடம் மாறிவிட்டோமோ என்று முதல் மரத்துக்கே திரும்பி வந்து செதுக்கலைத் தடவிப் பார்த்தான். அவன் கத்திவாகுதான். முன்னே பார்த்தால், காட்டுக்குள் இருக்கக் கூடாத அளவுக்கு வெளிச்சம் இருந்தது. பத்தடி நடந்ததும் காலடியில் மரத்தூள் மிதிபட்டது.

“என்னங் தம்பி?” என்றார் காளிச்சாமி. அவன் வெளிச்சத்தை நோக்கி வேகமாக நடந்தான்.

கூட்டுமரம் கிழக்கே தலை வைத்துக் கிடந்தது. பொந்து இருந்த இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. பக்கத்தில் மரம் வெட்டுகிற கூப்புக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சுடலை, செல்லத்துரையின் அக்கா புருசன். கம்பத்திலிருந்து மரமறுக்க வந்தவன்.

“என்ன மாப்ள, குருவி காட்டக் கூட்டியாந்தியா? உக்காரு, சாயா குடி.”

“இத ஏன் மச்சான் வெட்டுனீங்க?”

“குறி வச்சிருந்துச்சு, வெட்டுனோம். நம்பரும் முத்திரையும்தான் இல்ல. கோடை மழையில தார் கழுவிப் போயிருக்கும்னு குத்தகைக்காரரோட சூப்பர்வைசர் மிக்கேல்ராஜ் சொன்னாரு. மத்ததுக்கு ஒரு குறி, இதுக்கு ரெண்டு. அவசரம் போலன்னு மொதல்ல இதைத்தான் சாய்ச்சோம்.”

வனத்துறை மரம் வெட்டக் குத்தகைக்கு விட்ட கூப்பில் பட்டை செதுக்கினால் வெட்டு என்று பொருள். செல்லத்துரைக்கு அது தெரியாமல் இல்லை. எங்கோ, எப்போதோ காதில் விழுந்ததுதான். ஆனால் கத்தியை எடுத்த கைக்குத் தோட்டத்து வழக்கம்தான் தெரிந்திருந்தது. அவன் குனிந்து, கிடந்த மரத்தில் தன் இரண்டு செதுக்கலையும் தடவினான்.

“நீ வச்ச குறியா?” என்றான் சுடலை, குரலைத் தாழ்த்தி. அவனுக்கும் முகம் மாறிவிட்டது. “அடப்பாவி. யார்கிட்டயும் வாயத் தொறந்துராத. கூப்புல கள்ளக்குறி வச்சா உள்ள தள்ளிருவானுக.”

“உள்ள இருந்த பறவை?”

சுடலை கண்ணால் காட்டினான். கவிழ்த்த கூடை, மேலே ஒரு கல். “குஞ்சு நேத்தே செத்துப்போச்சு. தாயி கெடக்கு. முட்டிவலிக்கு எண்ணெய் காய்ச்சலாம்னு பயலுக சொன்னானுக.”

செல்லத்துரை கல்லைத் தள்ளிக் கூடையைத் தூக்கினான். இருவாச்சிப் பெண் நகரவில்லை. வெள்ளை விழியால் அவனைப் பார்த்தது. இறக்கையில் நீள இறகுகள் இருக்க வேண்டிய இடத்தில் முளைவிட்ட இறகுக் குருத்துகள். இதைப் பார்க்கத்தான் காளிச்சாமி மூன்று வருடம் காத்திருந்தார். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, பைனாகுலர் தேவைப்படவில்லை. அவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டது. ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல மேற்கிலிருந்து வந்தது. ஆண் நேரே வந்து, கிளை இருந்த உயரத்தில், வெறும் வானத்தில் இறங்கப் பார்த்தது. பிடி கிடைக்காமல் தடுமாறி மேலே ஏறிற்று. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. ஐந்து தடவை. பிறகு எட்டத்தில் ஒரு மரத்தில் உட்கார்ந்து, தொண்டையில் வைத்திருந்த அத்திப்பழத்தை அலகுக்குக் கொண்டுவருவதும் விழுங்குவதுமாக இருந்தது.

“எதாச்சும் பண்ணுங் தம்பி” என்றாள் மயிலாத்தாள். “இன்னொரு பொந்து இல்லீங்களா இந்தக் காட்டுக்குள்ள?”

இருந்தது. இருபதடியில் நின்ற மரத்தில், மூன்றாள் உயரத்தில் ஒரு பொந்து. அந்த மரத்திலும் அவன் குறி இருந்தது. பதினொன்றில் ஏழு விழுந்து நாலு மிஞ்சியிருந்தது. இது நாலில் ஒன்று. சுடலையிடம் வடம் வாங்கிச் செல்லத்துரை ஏறினான். மயிலாத்தாள் ஓடையிலிருந்து சேறு எடுத்து, சுவருக்குப் பூசுகிற பதத்தில் பிசைந்து தூக்குவாளியில் கட்டிவிட்டாள். கூடையில் பறவையை மேலே இழுத்தார்கள். அவன் உள்ளே விட்டு, சேற்றை அப்பி, ஒரு கீறல் மட்டும் விட்டு மூடினான். சேறு நாலுதரம் விழுந்தது. ஐந்தாவது தரம் நின்றது.

பிறகு காத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆண் வந்தது. ஒன்றே காலுக்கு வந்தது. இரண்டு தடவையும் விழுந்த மரத்தின் வெட்டவெளியைத்தான் சுற்றியது. உள்ளே இருந்து பெண் சத்தமே கொடுக்கவில்லை. “கூப்புடு சாமி, கூப்புடு” என்று மயிலாத்தாள் மரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

மூன்று மணிக்கு மிக்கேல்ராஜ் வந்தார். மிஞ்சிய நாலு மரத்தையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நாளைக்குப் போட்டிரணும்” என்றார்.

சுடலை, வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினான். செல்லத்துரை யோசித்தது அரை நிமிடம்கூட இருக்காது. சொன்னால் இனிக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. வேறு தொழில் தெரியாது. சொல்லாவிட்டால் நாளைக் காலையில் பெண் இருவாச்சி இருக்கிற மரம் விழும்.

“ஐயா, அந்தக் குறி நான் வச்சது. வெட்டுறதுக்கு இல்ல. வெட்டக் கூடாதுன்னு வச்சது. அந்த நாலையும் விட்ருங்க.”

திட்டு வரும் என்று குனிந்து நின்றான். வரவில்லை. மிக்கேல்ராஜின் முகம் தெளிந்தது. “நீயாப்பா? மொதல்லயே சொல்லியிருக்கலாமே. வா, வா, சாவடியில வந்து ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ” என்று தோளில் கை போட்டார். அந்த அன்பு ஏன் என்று செல்லத்துரைக்கு விளங்கவில்லை.

சாவடியில் விளங்கியது. பாரஸ்டர் மலையாளத்தில் மஹஸர் என்கிற சம்பவ அறிக்கையை எழுதினார். மிக்கேல்ராஜ் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். எழுதி முடித்ததும் கையெழுத்துக்காகத் திருப்பி வைத்தார்கள். செல்லத்துரைக்கு மலையாள எழுத்து தெரியாது. நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்துச் சித்தூரில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த காளிச்சாமிக்குத் தெரியும். எட்டிப் பார்த்தவர், “நாப்பத்தியொண்ணுன்னு போட்டிருக்குதுங்களே” என்றார். “தம்பி வெச்சது பதினொண்ணுதானுங்க. இன்னைக்கு நானும் கூடப் போயிப் பாத்தனுங்க.”

பாரஸ்டர் பேனாவை மூடினார். “சாரும் கூடவே உண்டாயிருந்தோ அங்க? கூப்பு மரத்துல ஏறினதுக்கும் சாட்சி வேணும். சார் பேரு, அம்மா பேரு ரெண்டும் சேர்க்கட்டுமா? அப்பறம் பீர்மேடு கோர்ட்டுக்கு எல்லா வாய்தாவுக்கும் வரணும்.”

காளிச்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் சேறு காய்ந்த கைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்லத்துரைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பட்டியலில் இல்லாத மரம் எத்தனையோ வெட்டியிருக்கிறார்கள். அத்தனைக்கும் ஒரு தலை வேண்டும். தலை தானாக நடந்து வந்திருக்கிறது. “அந்த நாலு மரம்?” என்று மட்டும் கேட்டான்.

“அதிலிப்ப யாரும் தொடமாட்டாங்க” என்றார் பாரஸ்டர்.

அவன் கையெழுத்துப் போட்டான். பாஸை வாங்கிக் கிழித்தார்கள். வழக்கு இல்லை, இனிமேல் காட்டுக்குள் பார்த்தால் வழக்கு என்றார்கள். பஸ் ஏறும்போது காளிச்சாமி ஏதோ சொல்ல வந்து, அவன் கையைப் பிடித்து, சொல்லாமலே விட்டுவிட்டார். மயிலாத்தாள்தான் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “அது பொந்தைக் கண்டுபுடிச்சுதான்னு மட்டும் ஒரு கார்டு போடு கண்ணு.”

அடுத்த ஞாயிறு குமுளிச் சந்தைக்குச் சுடலை இறங்கி வந்தான். சாயாக்கடையில் எதிரே உட்கார்ந்தான். வாங்கிய சாயாவைத் தொடவில்லை.

“கண்டுபுடிச்சுருச்சு மாப்ள. மறுநா வெள்ளனமே. பொட்டை உள்ள இருந்து கத்துச்சு, ஆண் போயி தொத்திக்கிச்சு. ஒண்ணொண்ணா பழம் குடுத்துச்சு. பயலுக எல்லாம் வேலையப் போட்டுட்டு நின்னு பாத்தானுக.”

செல்லத்துரை அவன் முகத்தையே பார்த்தான். அவனுக்குச் சொல்ல இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது.

“பட்டியல்ல இல்லாத மரம் முப்பத்தேழுதான் விழுந்திருந்துச்சு. நீ கையெழுத்துப் போட்ட எழுத்துல அந்த நாலையும் சேத்து நாப்பத்தியொண்ணு. வியாழக்கிழமை மேலாபீசருக அடிக்கட்டை எண்ண வாராங்கன்னு சேதி வந்துச்சு. மிக்கேல்ராஜ் ராவோட ராவா வந்தாரு. நாலு கொறையுதுன்னாரு.”

“நீயும் ரம்பம் புடிச்சியா மச்சான்?”

“கூலிக்காரன்டா நான்.”

“பொட்டை செத்துச்சா? உசுரோட விழுந்துச்சா?”

“கேக்காத மாப்ள.”

சுடலை எழுந்து போய்விட்டான். செல்லத்துரை தபாலாபீஸ் திண்டில் உட்கார்ந்து கார்டு எழுதினான். ஆண் கண்டுபிடித்துவிட்டது என்று முதல் வரி. அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தான். பொய் இல்லை. நல்லேப்பிள்ளியில் காளிச்சாமி சத்தமாக வாசிப்பார். மயிலாத்தாள் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வாள். சாவடி ஜன்னலோரத்தில் நின்றதை அவர் கொஞ்சம் மறக்கலாம். வருகிற தை மாதம் இருவரும் மறுபடி பஸ் ஏறி வருவார்கள், அந்தப் பொந்தைப் பார்க்க.

பிறகு அடுத்த வரியை எழுதினான்: மரத்தை வெட்டிவிட்டார்கள், நீங்கள் வர வேண்டாம்.