வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒரு கம்பெனி

பிரிண்டரின் மூடியைத் திறந்து, டோனர் டப்பாவை வெளியே எடுத்து, இருமல் மருந்துப் பாட்டிலைக் குலுக்குவதுபோல் குலுக்கினார் பாஸ்கர். மீண்டும் பொருத்தியதும் மூன்று பக்கங்கள் தெளிவாக வந்தன. நான்காவது பக்கம் வெளிறிப்போய் வந்தது.

"சார், புது டோனர் வாங்கியே ஆகணுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து சேதுராமன் தலையை நீட்டினார். "இந்த மாசக் கோட்டா முடிஞ்சு போச்சு பாஸ்கர். இன்னும் ரெண்டு குலுக்கு குலுக்குங்க."

அந்த நேரத்தில் அந்தக் கம்பெனியின் பெயரில் வங்கியில் அறுபது மில்லியன் டாலர் இருந்தது.

துபாய் தேராவில், ஒரு பயண ஏஜென்சிக்கு மேல்தளத்தில், இரண்டு மேசைகளோடு இயங்கிய அந்தக் கம்பெனிக்குத் தொழில் என்று எதுவும் கிடையாது. தொழில் இல்லாததுதான் அதன் தொழில். வெற்றுக் காசோலை நிறுவனம் என்பார்கள். 2006 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார் சேதுராமன். 'என்ன தொழில் என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்குள் வளைகுடாவில் ஒரு நல்ல கம்பெனியைக் கண்டுபிடித்து இணைத்துக்கொள்வோம். கிடைக்காவிட்டால் உங்கள் பணம் வட்டியோடு உங்களுக்கே' என்பதுதான் வாக்குறுதி. அதுவரை அந்தப் பணத்தில் ஒரு காசைக்கூடத் தொடக் கூடாது. வாடகை, சம்பளம், தேநீர், டோனர் எல்லாம் சேதுராமனும் அவருடைய இரண்டு நண்பர்களும் கைக்காசாகப் போட்டதிலிருந்து நடக்க வேண்டும். பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு இணைப்பு நடந்தால் மூவருக்கும் புதிய கம்பெனியில் பெரிய பங்கு கிடைக்கும். நடக்காவிட்டால் போட்ட காசு போனதுதான்.

கணக்குப் பார்க்கும் பாஸ்கருக்கும் அதில் ஒரு சிறு பங்கு எழுதப்பட்டிருந்தது. அதை நம்பித்தான் கோவை வடவள்ளியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். இணைப்பு நடக்காவிட்டால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். அவருடைய மனைவி தாமரைக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது.

"மாப்பிள்ளையே பாக்காம மண்டபம் புக் பண்ணுன மாதிரிங்க உங்க கம்பெனி," என்று சிரித்தாள்.

வரவேற்புக்கு ஆள் வைக்கக் காசில்லாததால் கம்பெனியின் விசாரணை எண்ணாகக் கொடுக்கப்பட்டிருந்தது பாஸ்கரின் கைப்பேசி எண். மாதத்துக்கு ஒரு முறை குவைத்திலிருந்து தவறாமல் ஒரு அழைப்பு வரும்.

"மக்களே, வசந்தகுமாரியாக்கும். எனக்க பைசா பத்திரமாட்டு இருக்கா?"

நாகர்கோவிலிலிருந்து போய்க் குவைத் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்ப்பவர். அங்கே ஒரு தரகர் சொல்லி இந்தப் பங்குகளை வாங்கியிருந்தார்.

"பூட்டுல இருக்குதுங்க அக்கா. நாங்க நெனச்சாக்கூட எடுக்க முடியாது."

"அப்போ சரி. வைக்கட்டா?"

2008 பிப்ரவரி வந்தது. கெடு முடிய இரண்டே மாதம். அதற்குள் பார்த்த கம்பெனிகள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப் போயிருந்தன. அப்போதுதான் புஜைராவில் நாகலிங்கம் கிடைத்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. முந்நூறு தொழிலாளர்கள், அடுத்த மூன்று வருடத்துக்கு வேலை கையில். ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்குகள் அவ்வளவு அழகாக இருந்தன. நேரில் பார்த்து, 'சரி' என்று பாஸ்கர் ஒரு அறிக்கை எழுதிவிட்டால் போதும்.

"வெள்ளிக்கிழமையே வாங்க," என்று தொலைபேசியில் அழைத்தார் நாகலிங்கம். "ஊரே லீவுல தூங்கும். எங்க யார்டுல மட்டும் வேலை நடக்கும். அத நீங்க கண்ணால பாக்கணும். வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க சார், கடற்கரை இருக்கு, பிள்ளைங்க வெளையாடட்டும்."

அஜ்மானிலிருந்து குடும்பத்தோடு காரில் கிளம்பினார் பாஸ்கர். தாமரை புளிசாதம் கட்டிக்கொண்டாள். பின் இருக்கையில் பதினொரு வயது ஷ்ருதியும் அவள் தம்பி ரிஷியும் மலைகளைப் பார்த்துக் கூச்சலிட்டபடி வந்தார்கள்.

யார்டு திருவிழாபோல் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் முழுநீள வேலையுடை போட்ட தொழிலாளர்கள் இரும்புத் தகடுகளைச் சுற்றி நின்று சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் வெல்டிங் பொறி பறந்தது. நாகலிங்கம் வெள்ளைச் சட்டையில் முன்னே நடந்தார். "பாத்தீங்களா சார்! ஹாலிடேல இவ்ளோ வேலை!" என்றவர், கைப்பேசி அடிக்கவும் பேச அலுவலகத்துக்குள் போனார்.

தாமரை பாஸ்கரின் காதருகே குனிந்தாள். "ஏனுங்க, இத்தன கிரீசுக்கு நடுவுல நிக்கறாங்க. ஒருத்தர் துணியிலயும் கறையக் காணமே. மடிப்புகூடக் கலையல."

பாஸ்கர் பதில் சொல்வதற்குள் ஷ்ருதி கத்தினாள். "டாடி, லுக்! அது நம்ம கேஸ் அங்கிள்!"

கையில் சுத்தியலோடு நின்ற ஒருவர் திரும்பினார். முகம் மலர்ந்தது. அஜ்மானில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கு மாதாமாதம் தோளில் கேஸ் சிலிண்டர் சுமந்து வரும் வேலுச்சாமி. முதுகுளத்தூர்க்காரர். ஊர்மொழி பேசுகிறவர்களைக் கண்டால் பேசாமல் இருக்க அவரால் முடியாது. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா! நீங்க எங்க இங்கன? பாப்பா, நல்லாருக்கியா?"

"நீங்க எப்போ இங்க வேலைக்குச் சேந்தீங்க?" என்று கேட்டாள் தாமரை.

"சேரவெல்லாம் இல்லக்கா. இன்னைக்கு ஒருநாத்தான். வெள்ளிக்கிழம நமக்கு லீவுல்ல? காலையில அஜ்மான்ல இருந்து பஸ்ஸு வச்சுக் கூட்டியாந்தாக. புது டிரெஸ்ஸு, கைச்செலவுக்குக் காசு, மத்தியானம் பிரியாணி. வேலையும் ஒண்ணும் கிடையாது. யாரோ பெரிய ஆளுக பாக்க வாராகளாம், அவுக வந்தா இரும்பத் தட்டணும், போயிட்டா நிறுத்தணும். அம்புட்டுத்தேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்த வேலுச்சாமி பாஸ்கரின் முகத்தைப் பார்த்தார். அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அண்ணே... அந்தப் பெரிய ஆளுக நீங்கதானா?"

பாஸ்கர் தலையசைத்தார்.

"ஐயையோ! வெளிய சொல்லிராதீக அண்ணே. வேற எடத்துல வேல பாத்தேன்னு எங்க கஃபீலுக்கு, விசா குடுத்த மொதலாளிக்கு, தெரிஞ்சா ஊருக்கு ஏத்திவிட்ருவாரு."

"நான் உங்களப் பாக்கவே இல்லைங்க. நீங்க போய்த் தட்டுங்க," என்றார் பாஸ்கர்.

வேலுச்சாமி ஓடிப்போய், முன்பைவிட இருமடங்கு பலத்தோடு இரும்பைத் தட்டத் தொடங்கினார்.

மதிய விருந்து கடலைப் பார்த்த ஓட்டலில் நடந்தது. வஞ்சிர மீன் வறுவலைப் பாஸ்கரின் தட்டில் தாமே எடுத்துவைத்தார் நாகலிங்கம். "கம்பெனிங்க இணைஞ்சதும் நீங்கதான் சார் ஃபைனான்ஸ் டைரக்டர். கடலோரமா ஒரு வில்லா. பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கம்பெனி பாத்துக்கும்." பிறகு இரண்டு சிறு வெல்வெட் பெட்டிகளைப் பிள்ளைகள் முன்னால் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தங்கக் காசு.

தாமரை இரண்டு பெட்டிகளையும் மூடி அவர் பக்கமே நகர்த்தினாள். "சின்னப் புள்ளைங்கங்க, தொலைச்சுப்போடுவாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் மசாஃபி சந்தையில் காரை நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்கினார்கள். பிள்ளைகள் செடிக்கடையில் மீன்தொட்டியைப் பார்க்கப் போயிருந்தார்கள். பாஸ்கர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"தாமரை, என் வேலை கணக்கப் பாக்கறது. கணக்குல ஒரு தப்பும் இல்ல. நான் பாத்தது கணக்குலயே இல்ல. எழுதாம விட்டா யாரும் என்னயக் கேக்க முடியாது."

"எழுதுனா?"

"ரெண்டு மாசத்துல வேற கம்பெனி கெடைக்காது. பணத்தத் திருப்பிக் குடுத்துட்டுக் கடைய மூடணும். வேலை போயிரும். வடவள்ளி அட்வான்சும் போயிரும்."

தாமரை ஒரு கொய்யாவைத் துடைத்துக் கடித்தாள். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, முகூர்த்தம் நெருங்கிருச்சுங்கறதுக்காக, வழியில போறவனுக்கா புள்ளயக் கட்டிக்குடுப்பாங்க? அதுவும் நம்ம புள்ளகூட இல்லைங்க. ஊரான் புள்ள."

பாஸ்கர் கையிலிருந்த பழத்தை உருட்டினார்.

"அது கெடக்கட்டும், வேலுச்சாமி தட்டுன தட்டப் பாத்தீங்களா? அங்க கப்பல்னு ஒண்ணு மெய்யாலுமே இருந்திருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்."

முதலில் பாஸ்கரின் தோள் குலுங்கியது. பிறகு இருவருமே காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். கடைக்காரர் என்னவென்று கேட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

அங்கே வாரத்தின் முதல் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போனதும், "சார், இன்னைக்கு ஒரு தடவ புஜைரா போயிட்டு வந்தரலாமுங்க. சொல்லாமப் போலாம்," என்றார் பாஸ்கர். வேலுச்சாமியின் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

"எதுக்கு? ஒரு கையெழுத்துதானே பாக்கி?"

"அதப் போடறதுக்கு முன்னாடிதாங்க."

முணுமுணுத்தபடிதான் சேதுராமன் காரில் ஏறினார். யார்டு வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. உள்ளே இரும்புத் தகட்டின் மேல் இரண்டு பூனைகள் வெயில் காய்ந்தன. காவலுக்கு இருந்த பட்டாணியர் கையை விரித்தார். "காம் மஃபி, சாப். ஜுமா கோ ஆனா." வேலை இல்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்கிறார்.

"இன்னைக்கு அவங்களுக்கு லீவா இருக்கலாம்," என்றார் சேதுராமன். சொன்ன அவருக்கே அது நம்பும்படி இல்லை. துபாயிலிருந்து அங்கு வரும்வரை வழியெங்கும் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்:

"பாஸ்கர், நாம இன்னைக்கு இங்க வரலேன்னு வெச்சுக்கலாமா? பங்குதாரர்கள் ஓட்டுப் போடத்தானே போறாங்க. அவங்களா முடிவு பண்ணட்டும். என் ஆயுசு சேமிப்பு இதுல இருக்கு. அம்பத்தெட்டு வயசுல நான் எங்க போவேன்?"

பாஸ்கரின் கைப்பேசி அடித்தது. குவைத் எண். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அதைச் சேதுராமனின் கையில் கொடுத்தார்.

"மக்களே, வசந்தகுமாரியாக்கும். எனக்க பைசா..."

"நான் சேதுராமன் பேசறேன்மா. கம்பெனித் தலைவர்."

"தலைவரா! நல்லதாட்டுப் போச்சு. ஏதோ கம்பெனி வாங்கப் போறியளாமே, தரகர் சொன்னாரு. அனுப்புன பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்ல கட்டுக்கட்டா இருக்கு, எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. நீங்க கண்ணால பாத்தாச்சுல்லா? அது போதும் எனக்கு. நீங்க பாத்து நல்லதுன்னா நான் ஓட்டு போட்ருவேன்."

சேதுராமன் பூட்டைப் பார்த்தார். பூனைகளில் ஒன்று சோம்பல் முறித்தது.

"பாத்துட்டேன்மா," என்றார். "அது நல்லதில்ல. வாங்கப் போறதில்ல. உங்க காசு பூட்டுலதான் இருக்கு."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் திடீரென்று சிரித்துவிட்டார். "ரெண்டு வருஷமாச்சு பாஸ்கர், இவ்ளோ லேசா மூச்சு விட்டு. அந்த ஓட்டல்ல வஞ்சிரம் நல்லா இருக்கும்னீங்களே, எங்க அது?"

வேறு நல்ல கம்பெனி கிடைக்கவில்லை. ஏப்ரலில் பணம் வட்டியோடு பங்குதாரர்களுக்குத் திரும்பிப் போனது. சேதுராமன் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு பழையபடி ஆலோசகர் வேலைக்குத் திரும்பினார். பாஸ்கருக்கு ஷார்ஜாவில் ஒரு பீங்கான் ஓடு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். வடவள்ளி வீட்டுக்காரர் முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வேலுச்சாமி வழக்கம்போல் சிலிண்டரை இறக்கிவைத்து, "அக்கா, அந்தக் கம்பெனில மறுபடி டூட்டி எதும் இருக்கா? பிரியாணி நல்லா இருந்துச்சு," என்று கேட்டுத் தாமரையைச் சிரிக்க வைத்தார்.

அலுவலகத்தை மூடிய நாளில் சேதுராமன் ஒரு புது டோனர் வாங்கி வந்தார். பங்குதாரர்களுக்குப் போகும் கடைசிக் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட வெளிறக் கூடாது என்றார். கடிதங்கள் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தபோது பாஸ்கரின் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"மக்களே, பைசா வந்தாச்சு! நீங்க போன் வச்ச அன்னைக்கு ராத்திரி நான் நல்லா ஒறங்குனேன் கேட்டியளா. எனக்க பைசாவ வாங்குனவங்க எத்தனயோ பேரு. தேக்குமரம்னான் ஒருத்தன், மனைன்னான் ஒருத்தன். எல்லாவனும் எதயாவது வாங்கிப் போட்டான், ஒண்ணும் உருப்படல்ல. 'நல்லது கெடைக்கல்ல, இன்னா ஒனக்க பைசா'ன்னு திருப்பித் தந்தது நீங்க மட்டுமாக்கும். அடுத்தவங்க பைசா கையில இருக்கும்போ வாங்குகதுக்கு ஒரு சாமர்த்தியமும் வேண்டாம். வேண்டாம்னு சொல்லுகதுக்குத்தான் நேர்மை வேணும். அது இல்லாதவன் அடுத்தவன் பைசாவத் தொடவே கூடாது."

சேதுராமன் கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கைப்பேசியருகே வந்தார்.

"அது போட்டு, அடுத்த கம்பெனி எப்ப தொடங்குகிய? நான் முதல் ஆளாட்டுப் போடுகேன்!"

"டோனர் தீரட்டும்மா, யோசிக்கலாம்!" என்று கைப்பேசியை நோக்கிக் கத்தினார் சேதுராமன். பிரிண்டர் அடுத்த பக்கத்தைத் தள்ளியது. கறுப்பாக, தெளிவாக.