தட்டானின் காலில் ஒரு சொட்டு

என் மூச்சுக்கு அக்கா வைத்த பெயர் துருத்தி. சின்ன வயதிலிருந்தே எனக்கு இரைப்பு. காலைக் குளிர்காற்று பட்டால் போதும், கொல்லன் பட்டறையில் நெருப்பை ஊதுவார்களே, அந்தத் துருத்தியின் சத்தம் நெஞ்சுக்குள்ளிருந்து வரும். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். அக்கா கூப்பிட்டால் மட்டும் ஈ என்று பல்லைக் காட்டுவேன்.

பூச்சிகளைக் கிட்டத்தில் படமெடுக்கப் போனில் மாட்டும் கிளிப் லென்ஸை வாங்கி வந்ததும் அவள்தான். ஒரே டப்பாவில் இரண்டு, ஆளுக்கு ஒன்று. துணி காயப்போடும் கிளிப்பின் முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் சங்கதி. போனின் உறையைக் கழற்றிவிட்டுக் கேமராவுக்கு நேராக மாட்ட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் படத்தின் ஒரு மூலை இருட்டிவிடும். பூச்சிக்கு இரண்டு விரல் தூரம்வரை போனைக் கொண்டுபோய், நம் உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். கண் தெளிந்தால் இறக்கை கலங்கும், இறக்கை தெளிந்தால் கண் கலங்கும். இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தால் பூச்சியே போய்விடும்.

எனக்கு எப்போதும் போய்விடும். அக்காவுக்கு மட்டும் கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் உட்கார்ந்து கொடுக்கும்.

"நீ விடுற மூச்சுக்கு எது நிக்கும்? அந்தப் பக்கம் போடி, துருத்தி. முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்பாள். ஞாயிறு தோறும் கால்வாய்க்கரை வேலிக்கு மறுபுறம் போய் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். கூப்பிட்டதும் ஓடிவந்தால் அவள் போனில் தட்டான் தயாராக இருக்கும். கண்ணில் உள்ள கட்டங்களைக்கூட எண்ணிவிடலாம். "பாத்தியா? விரல்கூடப் படல. எல்லாம் பொறுமைதான்" என்பாள். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் பொறுமையைப் பற்றிப் பீற்றிக்கொள்வேன். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறவள், அந்தக் கைப்பக்குவம் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

நூலகத்தின் கீழ்க்கூடத்தில் சிற்றுயிர்ப் படக் கண்காட்சி என்று அறிவித்தார்கள். பொறுப்பாளருக்கு ஒரே நிபந்தனை: உயிரோடு, இருந்த இடத்திலேயே, தொடாமல் எடுத்த படமாக இருக்க வேண்டும். அக்காவின் தட்டானைப் பார்த்ததும் அவர் புருவத்தைத் தூக்கினார். "இவ்வளவு கிட்டப் போயும் பறக்கலையாம்மா?"

அக்கா என் தோளில் கையைப் போட்டாள். "என் தங்கச்சியக் கேளுங்க சார். கூடவே இருந்தா."

"ஆமா சார், தொடவே இல்ல. சத்தியமா!" என்றேன். சத்தியத்தை யாரும் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டை மாதிரி நானாகவே கொடுத்தேன்.

தொடக்க நாளன்று சீக்கிரமே போய்விட்டேன். அக்காவின் படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி, நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் மாட்டியிருந்தார்கள். போனில் நூலாகத் தெரிந்த கால்கள் இப்போது என் விரல் தடிமன் இருந்தன. பின்னங்கால் குச்சியைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டு மின்னியது.

"அந்தப் பனித்துளிய பாருங்களேன், என்ன அழகு!" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

பனித்துளியாம். ஒரு சொட்டு பட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை அது. காயும்போது தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் படலம் விடும். உடைந்த மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே ஒட்டிப் பார்த்துவிட்டு, சரிவராமல் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வெள்ளையைச் சுரண்டுவதிலேயே என் பாதிப் பொழுது போகும். அதே வெள்ளை, தட்டானின் காலைச் சுற்றிப் பூத்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஞ்சையாக இருக்கலாம், அச்சடித்ததில் பிழையாக இருக்கலாம் என்று மனம் அவளுக்காக வக்காலத்து வாங்கியது. அதற்குள் அக்கா புதுச் சேலையில் வந்து இறங்கினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படத்தின் முன் நிறுத்தினேன்.

"இது என்னக்கா?"

அவள் முகம் செத்துவிட்டது. "மெதுவாப் பேசு. எல்லாரும் பண்றதுதான். முதல் நாளே பிடிச்சு டப்பால போட்டு ஃப்ரிட்ஜுல வச்சா மயங்கிக் கிடக்கும். பையில கொண்டுவந்து, கிளினிக் இடுக்கியால எடுத்து ஒட்டிட்டா ஆடாது. பூச்சிதானேடி!"

"அப்போ என் மூச்சு?"

"உன் மூச்சுக்கு என்ன?"

"என் மூச்சாலதான் பறக்குதுன்னு சொன்னியே."

"உன்னை வேற என்ன சொல்லி அந்தப் பக்கம் அனுப்புறது?"

வயிறு பற்றி எரிந்தது. தட்டானுக்காக எரிந்தது என்று சொன்னால் அது பொய். வேலிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே ஒரு பைத்தியக்காரி, அவளுக்காக எரிந்தது. என் சீக்கையே திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் வேலையை முடித்திருக்கிறாள். போதாதென்று என்னையே சாட்சிக்கும் நிறுத்தியிருக்கிறாள். கூடப்பிறந்தவள் செய்கிற வேலையா இது?

அப்போதுதான் பொறுப்பாளர் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்தார். "இவங்க இந்தப் படத்த எடுத்தவங்களோட தங்கச்சி. கூடவே இருந்தவங்க. எப்படி எடுத்தாங்கன்னு இவங்களே சொல்லட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு அம்மாவுக்கு முன்னால் என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை. அப்போதெல்லாம் "நான்தாம்மா" என்று முன்னால் போய் நிற்பேன்.

"நான் கூட இல்ல சார்" என்றேன். "என்னை வேலிக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சாங்க. தொடலைன்னு அக்கா சொன்னதத்தான் நானும் உங்ககிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னேன். அந்தக் காலைப் பாருங்க, அது பனி இல்ல, பசை."

பொறுப்பாளர் தட்டானின் காலருகே குனிந்து பார்த்தார். என் நெஞ்சு ஊதிக்கொண்டிருந்தது. "துருத்தி" என்று பல்லைக் கடித்தாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கால்வாய்க்கரைக்குத் தனியாகப் போனேன். புல் நுனியில் ஒரு தட்டான், இறக்கை முழுக்க நிஜப் பனி. லென்ஸை மாட்டி இரண்டு விரல் தூரத்துக்குக் குனிந்தேன். நெஞ்சு வழக்கம்போல இரைந்தது. வாயைப் பொத்தவில்லை. வேண்டுமென்றே இழுத்து இழுத்து விட்டேன். என் மூச்சுக்காற்றில் அதன் இறக்கை லேசாக ஆடியது. தட்டான் பறக்கவில்லை. எனக்குத்தான் கண் கலங்கி, படம் எடுக்க முடியாமல் போயிற்று.