உப்பு குடித்த கம்ப்யூட்டர்

பட்டனை அழுத்தினேன். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினேன். அதே ஃபேன், அதே கறுப்பு.

"என்னாச்சு?" என்றார் தனகோடி அண்ணன். அவருடைய உப்பள ஆபீஸில், என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் எந்த ஸ்க்ரூவைத் தொட்டாலும் கழுத்தை நீட்டினார்.

"இன்னும் பாக்கவே ஆரம்பிக்கலண்ணே. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க மூச்சுக்காத்து என் மேல படுது."

எனக்கு எரிச்சல் வந்தால் மரியாதை தானாகக் குறைந்துவிடும். மரக்காணம் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்பிள்ளைக்கு இந்த வாய் இல்லாவிட்டால் என்றைக்கோ ஷட்டரை இழுத்து மூடியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். தனகோடியின் உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் முந்தாநாள் ராத்திரி காணாமல் போய்விட்டது. அன்றைக்குக் காவல் தட்சணாமூர்த்தி. அவர்தான் கழற்றி விற்றுவிட்டார் என்று தனகோடி முடிவே கட்டிவிட்டார். அந்த மனுஷனோ காய்ச்சல் தாங்காமல் உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் படுத்துவிட்டதாகச் சொல்கிறார். மோட்டார் ஷெட்டைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது. அது எடுத்ததெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் கிடக்கிறது. கம்ப்யூட்டரோ மறுநாள் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். ஓடலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்," என்றார் தனகோடி.

வாசற்படியில் நின்றிருந்த அம்சவல்லி அக்கா அதைக் கேட்டு முந்தானையை இறுக்கிப் பிடித்தார். தட்சணாமூர்த்தியின் மனைவி. காலையில் என் கடைக்கு வந்தபோது அவர் அழக்கூட இல்லை. "அவரு செஞ்சிருந்தா அதுலயே தெரியட்டும் கலை. நீ ஓட வச்சிக் குடு, போதும்," என்றார். அப்படிக் கேட்கிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

"ஹார்ட் டிஸ்கை மட்டும் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போயி பாக்கட்டுமா?"

"அதெல்லாம் ஆவாது. எது செஞ்சாலும் என் கண்ணு முன்னாடி செய்யி. நாளைக்கு அழிஞ்சிடுச்சின்னு சொன்னா நான் யாரப் போயி கேக்குறது?"

கோபம் சுருக்கென்று வந்தது. விழுங்கிக்கொண்டேன். ப்ளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ரேமை உருவி அதன் முனையை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஸ்விட்சைப் போட்டால் பீப், பீப், பீப் என்று கத்தியது. மெமரியைக் காணோம் என்று அழுகிறது. டார்ச் அடித்துக் குனிந்தேன். ரேம் செருகும் இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, ஓரத்தில் பச்சை பிடித்திருந்தது. நேர் மேலே பெட்டியின் தலையில் காற்றுப் போகும் ஓட்டைகள். நான் வந்தவுடன் அந்த ஓட்டைகளின் மேலிருந்து மேசைக்குத் தூக்கி வைத்த மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அடியில் சொதசொதவென்று ஈரம்.

"இது என்னாண்ணே?"

"மொத வாரல் உப்பு. வருஷா வருஷம் மொதல்ல வார்ற உப்புல ஒரு கை எடுத்து, படைச்சி, கல்லாப்பெட்டி மேல வப்போம். எங்கப்பா காலத்து வழக்கம். இப்ப கல்லாவே இதுதான, அதான் இது தலையில வச்சேன்."

"கோடை மழை பெஞ்சிதே, ஈரக்காத்துல உப்பு கரையும்னு உப்பளத்துக்காரர் உங்களுக்கு நானா சொல்லணும்? கரைஞ்சி சொட்டுச் சொட்டா உள்ள எறங்கியிருக்கு. சாமி நல்லாத்தான் இருக்குது. சிஸ்டம்தான் உப்பத் தின்னுட்டு கெடக்குது."

தனகோடியின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஸ்பிரிட்டில் நனைத்த பல் தேய்க்கும் பிரஷ்ஷால் போர்டைச் சுரண்டினேன். ப்ளோயரால் ஊதி உலர்த்தினேன். ரேம் செருகும் அந்த ஸ்லாட் செத்துவிட்டது. பக்கத்து ஸ்லாட் பிழைத்திருந்தது. ரேமை அதில் மாற்றும்போது போன் அடித்தது. என் தம்பி மணிகண்டன். தனகோடியிடம்தான் டிராக்டர் ஓட்டுகிறான். இரண்டு நாளாக வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் சரியாக வரவில்லை. சன்னல் பக்கம் போய் எடுத்தேன்.

"அக்கா, எங்க இருக்க?"

"உங்க மொதலாளி ஆபீஸ்ல. சிஸ்டம் பாத்துட்டு இருக்கேன்."

"அது ஆவாதுக்கா. போயிடுச்சின்னு சொல்லிட்டு வந்துடு," என்றான்.

"ஏன்டா?"

"அக்கா... சொல்லிட்டு வந்துடுக்கா." வைத்துவிட்டான்.

அம்மா செத்த பிறகு நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. அவனை அங்கேயே இழுத்துப் போட்டு அறைய வேண்டும் போலவும் இருந்தது, எங்காவது ஒளித்து வைக்க வேண்டும் போலவும் இருந்தது. போர்டு போய்விட்டது என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முடிச்சு வைத்தவரே எதிரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரேமைச் சரியாக அழுத்தாமல் விட்டாலே போதும்.

"ஏன் நிறுத்திட்ட கலை? காலையில சாப்டியா நீ?" என்றார் அம்சவல்லி அக்கா.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரேமை இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வருகிறவரை அழுத்தினேன். பட்டனைத் தொட்டேன்.

ஃபேன் சுற்றியது. கறுப்பு. கறுப்பு. எழுந்திருக்காதே என்று வேண்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஒற்றை பீப் கேட்டது. திரை வெளுத்தது.

முந்தாநாள் ராத்திரியை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஷெட் வாசலுக்கு ஒரு மொபெட் வந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருத்தன் முதுகைக் காட்டிக்கொண்டே கதவைத் திறந்தான். மோட்டாரைத் தூக்கி முன்பக்கம் வைத்தான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சீட்டில் பொத்தென்று ஒரு தட்டுத் தட்டினான். மறுபடி மிதித்தான். போய்விட்டான்.

"அது அவரு இல்லீங்க. அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது," என்றார் அக்கா.

"மூஞ்சியே தெரியலையேம்மா. உன் வூட்டுக்காரரு சாவியக் குடுத்து, ஆள வரச் சொல்லியிருக்கலாம் இல்ல? பூட்டு ஒடைக்கலையே, சாவி போட்டுத்தான தொறக்குறான்." தனகோடி போனை எடுத்து ஸ்டேஷன் நம்பரைத் தேடினார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போனை வைங்கண்ணே," என்றேன். "அது மணி. என் தம்பி."

"மூஞ்சி தெரியாம நீ எப்பிடிம்மா சொல்ற?"

"அந்த வண்டிய வாங்கிக் குடுத்ததே நான்தான். ஸ்டார்ட் ஆவலன்னா சீட்ட அப்பிடித்தான் தட்டுவான். சாவியும் டிராக்டர் சாவியோடதான் அவன்கிட்ட இருக்குது. தட்சணாமூர்த்தி அண்ணன விட்டுடுங்க."

தனகோடி போனைக் கீழே வைத்தார். அம்சவல்லி அக்கா எழுந்து வந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்துக்கொண்டு அவர்தான் முதலில் அழுதார்.

நான் போனை எடுத்து மணிக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"சிஸ்டம் எழுந்துடுச்சிடா," என்றேன். "இங்க வா. நானும் இங்கதான் இருக்கேன்."